தாளமும் இல்லை, ராகமும் இல்லை

பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழாக் கச்சேரிகளில் ஊறிய காதுக்கு டெரெக் பெய்லியின் கிட்டாரைப் போட்டுக் காட்டினால், இவர் ஸ்ருதி சேர்க்கிறாரா, வாசிக்கிறாரா என்ற சந்தேகம்தான் முதலில் வரும். 1930இல் ஷெஃபீல்டில் பிறந்து 2005இல் லண்டனில் மறைந்த இந்த ஆங்கிலேயர், நடன அரங்குகளிலும் ஸ்டூடியோக்களிலும் வாசித்துப் பிழைத்தவர். பிறகு மெட்டு, தாளக்கட்டு இரண்டையும் உதறினார். ஆனாலும் அவரைப் பின்தொடர ஜாஸ் ரசிகரைவிடப் பாலக்காட்டு ரசிகருக்கே வசதி அதிகம் என்பேன். ஆலாபனையில் தாளம் கிடையாது. தனி ஆவர்த்தனத்தில் ராகம் கிடையாது. இரண்டையும் ஒரே மாலையில் ரசித்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறோம். பெய்லி இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார், அவ்வளவுதான். நம் இசை அவர் அறியாததும் அல்ல. 1980இல் வந்த ‘இம்ப்ரொவைசேஷன்’ என்ற நூலின் தொடக்கத்திலேயே இந்திய இசையைப் பேசுகிறார். ஒரு மரபுக்குள் நின்று செய்யும் கற்பனையையும் எந்த மரபையும் சாராத கற்பனையையும் பிரித்து வைக்கிறார்.

ஆலாபனையில் ராகம் கைகொடுக்கிறது, தனியில் தாளம் கைகொடுக்கிறது; இரண்டும் போனால் எதைப் பற்றிக்கொள்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாதத்தை என்பதே பதில். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் கச்சேரிக்கு மைக் வேண்டாம் என்று வாதாடியவர். மைக் தாளக் கணக்கைக் கெடுக்காது. மிருதங்கத்தின் சாப்பு, கும்கி ஒலிகள்தான் நிறம் மாறும். பெய்லி தம் நண்பர்களுடன் 1970இல் தொடங்கிய இன்கஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘சோலோ கிட்டார்’ (1971) இந்த நிறங்களின் இசை. அழுத்திய தந்தி, திறந்த தந்தி, ஹார்மோனிக்ஸ் என்று ஸ்வரங்கள் ஸ்தாயி விட்டு ஸ்தாயி தாவுகின்றன. அதன் இரண்டாம் பக்கத்தில் மிஷா மெங்கல்பர்க் போன்றவர்கள் எழுதிய உருப்படிகளும் உண்டு. கட்டுப்பாடு தெரியாமல் கட்டை அவிழ்த்தவர் அல்ல அவர்.

‘கைபோன போக்கில் யாரும் தட்டலாமே’ என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு அவருடைய ‘கார்பல் டனல்’ (2005) நல்ல சாட்சி. கை பாதிக்கப்பட்டு மீட்டுக்கட்டையைப் பிடிக்க முடியாமல் போனபோது, பெய்லி கட்டைவிரலால் வாசிக்கப் பழகினார். மூன்றாம் வாரம், ஐந்தாம் வாரம், பன்னிரண்டாம் வாரம் என்று தடங்களுக்கே அந்தப் பயிற்சியின் காலக்கணக்கைப் பெயராக வைத்தார். வெறும் தற்செயல் என்றால் திரும்பக் கற்க என்ன இருக்கிறது? எழுபத்தைந்தை நெருங்கிய ஒருவர் தம் பாஷையை வேறு விரலில் மறுபடி சாதகம் செய்கிறார்.

எல்லாப் பதிவும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் அலுப்பு தட்டுகிறது. புதியவர்கள் ‘பாலட்ஸ்’ (2002) கேட்டுத் தொடங்கலாம். அதில் பழைய ஜாஸ் பாட்டுகளின் மெட்டை முதலில் வாசித்துவிட்டுத்தான் கலைக்கிறார்.