மேகத்திடை வழியறியும் விமானங்கள்

பெரகல சந்தியில் மாலை வேளையிலே மூடுபனி இறங்குவதைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். பலாங்கொடைப் பக்கமிருந்து மலையேறி வரும் பெருந்தெரு இங்கே இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் செல்ல, மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவை நோக்கி இறங்குகின்றது. சற்று முன்வரை தோன்றிய தேயிலைச் சரிவும், தெற்கே பரந்து கிடந்த சமவெளியும் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடுகின்றன. அவ்வேளையில் பஸ் சாரதி என்ன செய்கின்றார்? விளக்கைப் போட்டு, வேகத்தைத் தணித்து, தெருவோரத்தை உற்று நோக்கியபடி ஊர்ந்து செல்கின்றார். தமக்கு வழி தெரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவ்வறிவே அவரையும் பிரயாணிகளையும் காக்கின்றது. 'எனக்குத் தெரியாத வளைவா?' என்று விரைபவரே பள்ளத்தில் வீழ்கின்றார்.

இச்சிறு உண்மை, இன்றைய விமானப் போக்குவரத்தின் பெரிய விதியொன்றுக்கு அடிப்படையாக அமைந்திருக்கின்றது. அதனை விளங்கிக்கொள்ள, நமது மலைநாட்டிலேயே நிகழ்ந்த துயரச் சம்பவமொன்றை முதலில் நினைவுகூர்வோம்.

ஏழு கன்னியர் மலையில்

மலைநாட்டின் மேற்குப் புறத்தே, நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அண்மையில், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே எழுந்து நிற்பது ஏழு கன்னியர் மலை. 1974 டிசம்பர் 4ஆந் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, நெதர்லாந்து நாட்டு மார்ட்டினேர் கம்பனியின் ஜெட் விமானம் ஒன்று கட்டுநாயக்காவை நோக்கி வந்துகொண்டிருந்தது. யாத்திரிகர் 182 பேர். சிப்பந்திகள் 9 பேர். விமான நிலையத்துக்கு இன்னும் சுமார் 40 கடல் மைல் தூரம் இருக்கையில், அவ்விமானம் இம்மலையில் மோதிச் சிதறியது. 191 பேரில் ஒருவரேனும் பிழைக்கவில்லை.

விமானிகள் தாம் இருந்த இடத்தைப் பிழையாக உணர்ந்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டனர் என்றும், டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தமை இப்பிழைக்கு இடமளித்தது என்றும் விசாரணையாளர் கருதினர். டொப்ளர் என்பது வானொலி அலைகளைத் தரையை நோக்கி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியிலிருந்து விமானத்தின் வேகத்தையும் அது ஒதுங்கிச் செல்லும் அளவையும் கணிக்கும் கருவி. கணக்கில் நேரும் சிறு பிழையும் நேரஞ் செல்லச் செல்லப் பெருகிக்கொண்டே போகும்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவ்விமானிகள் வழி தெரியாமல் தடுமாறவில்லை. வழி தெரியும் என்றே நம்பினார்கள். 'நான் காட்டும் இடம் சந்தேகத்துக்குரியது' என்று எச்சரிக்க அவர்களிடம் ஒரு கருவியும் இருக்கவில்லை.

சந்தி சந்தியாகச் சென்ற காலம்

முற்காலத்தில் ஆகாய மார்க்கங்கள், தரையில் நிறுவப்பட்ட வானொலி நிலையங்களைக் கோத்து அமைக்கப்பட்டன. பெரகலவிலிருந்து பதுளைக்குச் செல்பவர் அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி-எல எனச் சந்தி சந்தியாகச் செல்வதுபோல, விமானமும் ஒரு நிலையத்தின் ஒலிக்குறியைப் பிடித்து அதன்மேற் சென்று, பின்னர் அடுத்ததை நாடும். வழி வளைந்தாலும் வேறு கதியில்லை.

'ஆர்நாவ்' என வழங்கும் பரப்பு வழிச்செலுத்தல் முறை இக்கட்டை அவிழ்த்துவிட்டது. விமானத்திலுள்ள கணிப்பொறி, தரை நிலையங்கள், செய்மதிகள், தன்னகத்தேயுள்ள அசைவுணர் கருவிகள் ஆகியவற்றின் செய்திகளைச் சேர்த்து, விமானம் எந்த அகலக்கோட்டில், எந்த நெடுங்கோட்டில் இருக்கின்றது என்பதைக் கணிக்கின்றது. ஆகவே, கீழே நிலையம் ஏதுமில்லாத வெட்டவெளியிலும் ஒரு புள்ளியைக் குறித்து, அதற்கு ஐந்தெழுத்துப் பெயரொன்றைச் சூட்டி, காகம் பறப்பதுபோல நேரே செல்ல முடிகின்றது. இதனால் தூரமும் எரிபொருளும் மிஞ்சுகின்றன.

கொழுந்தும் நிறுவையும்

ஆயினும் புதிய முறைகள் பெருகவே, நாட்டுக்கு நாடு வெவ்வேறு கருவிகளும் வெவ்வேறு விதிகளும் தோன்றிக் குழப்பம் விளைந்தது. மொன்றியலைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் 2007ஆம் ஆண்டில், செயற்றிறன் சார்ந்த வழிச்செலுத்தல் என்னும் பொதுமுறையைக் கைக்கொள்ளுமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

பெயர் கடினமாயினும் பொருள் எளிது. தோட்டத்திலே கொழுந்து நிறுக்கும்போது, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பக்குவமாய் இருக்கின்றதா என்றே பார்ப்பார்கள். எந்தக் கையாற் கிள்ளியது என்று எவரும் கேட்பதில்லை. அதுபோலவே இம்முறையும், 'இன்ன கருவியை வைத்திரு' என்று கட்டளையிடாமல், 'இன்ன திருத்தத்தோடு செல்' என்கின்றது.

அத்திருத்தம் ஓர் எண்ணாற் குறிக்கப்படும். 'ஆர்நாவ் 5' என்றால், பறக்கும் நேரத்தில் நூற்றுக்கு 95 பங்காவது, விமானம் தன் பாதையின் இருமருங்கிலும் 5 கடல் மைலுக்குள் நிற்கவேண்டும். ஒரு கடல் மைல் 1,852 மீற்றர். பெருங்கடலுக்கு மேலே 10 கடல் மைல் எல்லை போதுமானது. விமான நிலையத்தை நெருங்குகையில் 1 கடல் மைல் வேண்டப்படும். ஓடுபாதையை அணுகும் கடைசிக் கட்டத்தில் அது 0.3 ஆக, அதாவது ஏறக்குறைய 550 மீற்றராகக் குறுகும்.

தன் பிழையைத் தானே உரைத்தல்

இம்முறையில் 'ஆர்.என்.பீ.' என்ற இன்னொரு பிரிவுமுண்டு. ஆர்நாவுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை ஒன்றே. ஆனால் அது உயிர்நாடியான வேற்றுமை. ஆர்.என்.பீ. முறையில், கருவி தன் கணிப்பைத் தானே இடைவிடாது சோதித்து, நம்பத்தகாத நிலை ஏற்பட்டவுடன் விமானியை எச்சரித்தல் வேண்டும். இருப்பிடத்தைக் கணிக்க நான்கு செய்மதிகள் போதும். ஐந்தாவது ஒன்றும் தென்படுமாயின், ஒன்றன் கூற்றை மற்றவற்றோடு ஒப்பிட்டு முரண்பாட்டைக் கண்டுகொள்ளலாம். பல சாட்சிகளை விசாரித்துப் பொய்யைப் பிடிப்பது போன்றது இது.

இவ்வுறுதி கிடைத்தபின், மலைகளுக்கிடையிலும் வளைந்து செல்லும் பாதைகளை வகுக்க முடிந்தது. அலாஸ்காவில் மலைகள் சூழ்ந்த ஜூனோ விமான நிலையத்துக்கு 1996ஆம் ஆண்டிலேயே இம்முறையில் விமானங்கள் இறங்கலாயின.

கணக்கும் கண்ணும்

எனினும், கருவிக்கு நாம் ஊட்டும் செய்தியே பிழையானால் என் செய்வது? 2015 மார்ச் 4ஆந் திகதி, நேபாளத்தின் காத்மாண்டுவில் மூடுபனியிடையே பெரிய விமானமொன்று இம்முறையில் இறங்கியது. அதன் கணிப்பொறியில் ஓடுபாதையின் தொடக்கம் 26 மீற்றர் இடப்புறமாகப் பிழையாகப் பதிவாகியிருந்தது. குறித்த உயரத்தில் ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாவிட்டால் மேலெழ வேண்டும் என்பது விதி. விமானிகள் அவ்வாறு செய்யாமல் தொடர்ந்து இறங்கினர். விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புற்றரையிற் போய் நின்றது. உயிர்ச்சேதம் நேராதது பெரும் பேறு. கருவி தன் பாதையைச் சரியாகவே பின்பற்றியது. அப்பாதையே பிழையான இடத்தில் வரையப்பட்டிருந்தது. அதனைக் கண்டுகொள்ள மனிதக் கண்ணே துணையாயிருந்திருக்கும்.

மாணவர்களே! கணிதத்தில் விடையைக் கண்டபின், அது சரிதானா என்று மறுபடியும் சோதித்துப் பாருங்கள் என்று ஆசிரியர் சொல்லும்போது சலித்துக்கொள்கின்றீர்கள் அல்லவா? பல்லாயிரம் அடி உயரத்தில், மேகத்தினூடே பறக்கும் பிரயாணிகளின் உயிர் அந்தச் சோதனையிலேதான் தங்கியிருக்கின்றது. பெரகல வளைவிலே மூடுபனியைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கும் சாரதியின் அறிவைத்தான் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் முயன்று கருவிக்குக் கற்பித்திருக்கின்றார்கள். தெரியாததைத் தெரியாது என்று உணர்வதும் அறிவின் ஒரு பகுதியே.