கப்பலில் வருவது என்ன? போவது என்ன?

சென்னைக் கப்பல் வர நான்கு நாள் தாமதம். கடையில் என்ன நடக்கும்? உங்களுக்கே தெரியும். வெங்காயம் விலை ஏறும். உருளைக்கிழங்கு கிடைக்காது. கடைக்காரர் "கப்பல் வரட்டும் அம்மா" என்பார்.

நமக்கும் சென்னைக்கும் நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். அரிசி, பருப்பு, சிமெண்ட், கம்பி, துணி, மருந்து, டீசல் எல்லாம் மெயின்லேண்டிலிருந்து வருகின்றன. ஹேடோ ஜெட்டியில் நின்று பாருங்கள். இறங்கும் மூட்டைகள் எத்தனை! திரும்பும் கப்பலில் ஏறுவது என்ன? பாக்கு, கொப்பரை, ஐஸ் பெட்டியில் கொஞ்சம் மீன்.

முன்பு மரமும் போனது. சாத்தம் மர ஆலை 1883-இல் தொடங்கியது. அந்தமான் படாக் மரத்துக்கு வெளியூரில் நல்ல பெயர். காடு அழிகிறது என்று வழக்கு நடந்தது. 2002-இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. மெயின்லேண்டுக்கு மரம் அனுப்புவதும் நின்றது. விற்கும் பொருளில் ஒன்று குறைந்தது. ஆனால் காடு மிஞ்சியது. இதை நஷ்டம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

வாங்குவது அதிகம். விற்பது குறைவு. இந்த இடைவெளிக்கு வர்த்தகப் பற்றாக்குறை என்று பெயர்.

அப்படியானால் மீதிப் பணத்தை யார் தருகிறார்கள்? பெரும்பகுதி டில்லியிலிருந்து வருகிறது. அரசு ஊழியர் சம்பளம், பென்ஷன், சாலை வேலை, கப்பல் செலவு எல்லாம் மத்திய அரசின் பணம். சுற்றுலா வருகிறவர்களும் பணம் கொண்டு வருகிறார்கள். அந்தப் பணம் கடைக்குப் போகிறது. கடையிலிருந்து சென்னை வியாபாரிக்குப் போகிறது.

பற்றாக்குறை என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டையே பாருங்கள். மளிகைக் கடையில் மாதா மாதம் வாங்குகிறீர்கள். கடைக்காரர் உங்களிடம் ஒன்றும் வாங்குவதில்லை. அவரோடு உங்களுக்கு எப்போதும் பற்றாக்குறைதான். வேறு இடத்தில் கூலி வருகிறது. அதனால் கவலை இல்லை. கூலி நின்று, கடைக்காரரின் நோட்டில் கடன் ஏறினால்தான் கவலை.

நிக்கோபாரில் இது நடந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ரூபாய் புழக்கம் குறைவு. தேங்காய்தான் பணம். துணிக்கு இத்தனை தேங்காய், கத்திக்கு இத்தனை தேங்காய் என்று விலை இருந்தது. தேங்காய் போதாவிட்டால் வியாபாரி கடனுக்குக் கொடுப்பார். இனிமேல் காய்க்கப் போகும் தேங்காய்க்கு இன்றே கடன்!

இனி நாட்டுக் கணக்குக்கு வருவோம். வெளிநாட்டுக்கு விற்பது ஏற்றுமதி. வெளிநாட்டிலிருந்து வாங்குவது இறக்குமதி. 2023-24-ஆம் ஆண்டில் இந்தியா சுமார் 43,700 கோடி டாலருக்குச் சரக்கு விற்றது. சுமார் 67,700 கோடி டாலருக்கு வாங்கியது. பற்றாக்குறை 24,000 கோடி டாலர். அமெரிக்காவுக்கு நாம் விற்றது அதிகம். சீனாவிடம் வாங்கியது மிக அதிகம். கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. தங்கமும் அப்படித்தான்.

இங்கே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சென்னை வியாபாரிக்கு ரூபாய் கொடுத்தால் போதும். எண்ணெய் விற்கும் நாடு பெரும்பாலும் டாலர் கேட்கும். ரூபாயை நம் நாடு அச்சடிக்கலாம். டாலரை அச்சடிக்க முடியாது. அதைச் சம்பாதிக்க வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும். கையிருப்பில் உள்ள டாலர் முதலிய வெளிநாட்டுப் பணத்தை அந்நியச் செலாவணி என்கிறோம்.

1991-இல் இந்தக் கையிருப்பு தீரும் நிலை வந்தது. பல ஆண்டுகளாகக் கடன் வாங்கித்தான் இடைவெளியை அடைத்து வந்தோம். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை ஏறியது. அங்கே வேலை செய்த நம்மவர் லட்சத்துக்கும் மேற்பட்டோர் விமானத்தில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணமும் நின்றது. செலவு கூடியது, வரவு குறைந்தது. கடன் கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் இருந்தது.

வீட்டில் பணம் இல்லாவிட்டால் என்ன செய்வோம்? நகையை அடகு வைப்போம். நாடும் அதையே செய்தது. 1991 மே மாதம், கடத்தல்காரர்களிடம் பிடித்த தங்கத்தில் 20 டன் சுவிஸ் வங்கிக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை விமானத்தில் லண்டனுக்கு அனுப்பியது. அதை ஈடு வைத்து இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் சுமார் 40 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். அதே ஜூலையில் ரூபாயின் மதிப்பும் இரண்டு முறை குறைக்கப்பட்டது. அப்படிக் குறைத்தால் நம் பொருள் வெளிநாட்டாருக்கு மலிவாகும், அதிகம் விற்கலாம். நாம் வாங்கும் எண்ணெய்க்கோ கூடுதல் ரூபாய் தர வேண்டும். அந்தச் சுமை பஸ் கட்டணத்தில் வரும், மண்ணெண்ணெயில் வரும். ஈட்டுக் கடன் சில மாதங்களில் அடைந்தது.

இன்று இடைவெளியை எது நிரப்புகிறது? கம்ப்யூட்டர் வேலை போன்ற சேவைகளை வெளிநாட்டுக்குச் செய்து கொடுக்கிறோம். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். துபாயில் கட்டட வேலை செய்யும் தம்பி அனுப்பும் பணமும் இந்தக் கணக்கில் உண்டு. 2023-24-இல் இவற்றைச் சேர்த்து, வெளியே போன வட்டியையும் லாபத்தையும் கழித்தபின், பழைய இடைவெளியில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. 2024 செப்டம்பரில் கையிருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டியது. அதில் முதலீடாகவும் கடனாகவும் வந்த டாலரும் கலந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

நம் தீவில் பல்பு எரிவது பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரால்தான். அந்த டீசலுக்குப் பின்னால் டாலர் இருக்கிறது. 2020-இல் நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் இங்கே 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. வெயிலைக் கப்பலில் கொண்டுவர வேண்டியதில்லை. எரியும் டீசலில் அந்த அளவு மிச்சம்.