மரபணுச் சோதனை: மாதிரி எடுப்பதில்தான் பாதி வேலை

ராட்கிளிஃப்-பிரவுன் என்ற ஆங்கிலேய மானிடவியல் அறிஞர் 1906 முதல் 1908 வரை நம் அந்தமான் தீவுகளில் பழங்குடி மக்களைப் பற்றி ஆராய்ந்தார். ஊர் திரும்பியபோது அம்மக்களின் கத்தரித்த தலைமுடியையும் எடுத்துச் சென்றார். அந்த முடி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகச் சேகரிப்பில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கிடந்தது. பிறகு எரிகா ஹாகெல்பர்க் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள், முடிவுகள் 2003-இல் வெளியாயின. முடியைக் கத்தரித்த காலத்தில் டி.என்.ஏ.வின் அமைப்பே யாருக்கும் தெரியாது. வாட்சனும் கிரிக்கும் அதைச் சொன்னது 1953-இல்தான்.

நூறு வருடம் கிடந்த முடியிலிருந்து விடை கிடைக்கிறது. ஆனால் 2020-இல் கோவிட் சோதனைக்காக நம் தொண்டையிலும் மூக்கிலும் எடுத்த சளியை மட்டும் ஐஸ் பெட்டியில் வைத்து, மூன்று நாட்களுக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

முடியில் தேடியது டி.என்.ஏ.; சளியில் தேடியது கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ. முறுக்கிய ஏணி போல இரட்டை இழையாக இருப்பதால் உறுதியானது. உலர்ந்தும் குளிர்ந்தும் இருந்தால் பல காலம் தாங்கும். ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. அதன் சர்க்கரைப் பகுதியில் கூடுதலாக உள்ள ஒரு ஹைட்ராக்சில் தொகுதியே அது எளிதில் அறுந்துபோகக் காரணமாகிறது. போதாததற்கு, ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதிகள் நம் விரல் வியர்வையில்கூட உண்டு. அவற்றில் சில, கொதிக்க வைத்து ஆறவிட்டாலும் மறுபடி வேலை செய்யும். கையுறை ஆய்வாளரை நோயிலிருந்து காக்க மட்டும் அல்ல; மாதிரியை ஆய்வாளரின் கையிலிருந்து காக்கவும்தான்.

ரயில்வேயில் பாலம் கட்டும்போது, ஊற்றும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து 15 சென்டிமீட்டர் கட்டியாக வார்ப்போம். 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்போம். வார்க்கும்போது கம்பியால் சரியாகக் குத்தாமல் விட்டால் கட்டி சீக்கிரம் நொறுங்கும். பழி பாலத்தின் மேல் விழும். இயந்திரம் தன்னிடம் கொடுத்த கட்டியைப் பற்றித்தான் சொல்லும், பாலத்தைப் பற்றிச் சொல்லாது. மரபணுச் சோதனையும் இப்படித்தான்.

முடிக்கு வருவோம். கத்தரித்த முடியில் வேர் இல்லை. ஆகவே அதில் பெரும்பாலும் கிடைப்பது, தாய் வழியே மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஒரு உயிரணுவில் இதற்கு நூற்றுக்கணக்கான பிரதிகள் இருப்பதால், பெரும்பகுதி அழிந்தாலும் சில மிஞ்சும். ஆனால் நூறு ஆண்டுகளாக அதைத் தொட்டவர்களின் தோல் துகளும் ஒட்டியிருக்குமே! அதனால் முதலில் கழுவித் துடைத்து, வேறு மனித மாதிரிகள் நுழையாத தனி அறையில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிலையத்தின் லால்ஜி சிங்கும், தமிழகத்தைச் சேர்ந்த தங்கராஜும் இரத்தத்தைக் கொண்டு இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். நம் டாலிகஞ்சில் உள்ள ஐ.சி.எம்.ஆர். வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையமும் அதில் பங்கு கொண்டது. ஓங்கே, கிரேட் அந்தமானியர் ஆகியோரின் முன்னோர் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தனித்து வாழ்ந்தவர்கள் என்று 2005-இல் அவர்கள் எழுதினார்கள்.

இரத்தத்தில் சிவப்பணுக்களுக்கு உட்கரு இல்லை. ஆகவே டி.என்.ஏ. வெள்ளணுக்களிலிருந்துதான் வர வேண்டும். ஒரு மில்லி இரத்தத்தில் சுமார் 50 லட்சம் வெள்ளணுக்கள். கணக்குப் போட்டால் டி.என்.ஏ. ஏறத்தாழ 30 மைக்ரோகிராம்தான் தேறும். இரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. உள்ள ஊதா மூடிக் குழாயைப் பயன்படுத்துவார்கள். ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாயும் உறையாமல் காக்கும். ஆனால் ஹெப்பாரின் பின்னால் பி.சி.ஆர். வினையைத் தடுத்துவிடும். மூடியின் நிறம் மாறினால் பிந்திய உழைப்பெல்லாம் வீணாகலாம். அடுத்து சிவப்பணுக்களை உடைத்து அகற்றி, வெள்ளணுக்களின் புரதத்தை ஒரு நொதியால் கரைத்து, கடைசியில் குளிர்ந்த ஆல்கஹால் சேர்ப்பார்கள். அப்போது டி.என்.ஏ. வெண்ணிற நூலாகத் திரண்டு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இன்று பழங்குடி மக்களிடம் மாதிரி எடுப்பது எளிதல்ல, எளிதாக இருக்கவும் கூடாது. 1956-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அவர்கள் பகுதிக்குள் நுழையவே அனுமதி வேண்டும். ஆராய்ச்சி என்றால் அவர்களின் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

ஆராய்ச்சிக்காக அன்றி உயிரைக் காக்கவே மாதிரி எடுக்க வேண்டிய நிலை 2020 ஆகஸ்டில் வந்தது. கிரேட் அந்தமானியர் அப்போது ஐம்பது பேருக்குச் சற்று மேல்தான் இருந்தார்கள். அவர்களில் பத்துப் பேருக்குக் கோவிட் உறுதியானது. சிலர் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இருந்தவர்கள். நால்வர் ஸ்ட்ரெய்ட் தீவில் இருந்தவர்கள். எல்லோரும் குணமடைந்தார்கள். அந்தத் தீவில் தவறான ஒரு "இல்லை" என்ற முடிவு என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சளி எடுக்கும் குச்சியில் நைலான் போன்ற செயற்கை இழைதான் இருக்க வேண்டும். மரக்குச்சியும் பஞ்சும் சோதனையைக் கெடுக்கக் கூடும். குச்சியை இளஞ்சிவப்புத் திரவம் உள்ள குழாயில் ஒடித்துப் போட்டு, மூன்றடுக்கு உறையில் வைத்து, 2 முதல் 8 டிகிரிக் குளிரில் அனுப்ப வேண்டும். 72 மணிக்கு மேல் தாமதம் என்றால் மைனஸ் 70 டிகிரி தேவை. கார் நிக்கோபார் இங்கிருந்து சுமார் 270 கிலோமீட்டர். கேம்பல் பே இன்னும் தொலைவு. மழைக்காலத்தில் கப்பல் எப்போது கிளம்பும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்!

ஆய்வுக்கூடத்தில் குவானிடின் என்னும் உப்புக் கரைசல், வைரஸை உடைத்து ஆர்.என்.ஏ.வை வெளிக்கொணரும், அதே சமயம் முன்னே சொன்ன நொதிகளையும் முடக்கும். பிறகு ஆர்.என்.ஏ. கண்ணாடி போன்ற சிலிக்கா வடிகட்டியில் ஒட்டிக்கொள்ள, ஆல்கஹாலால் கழுவி, சுத்தமான நீரில் இறக்கி எடுப்பார்கள். அதை டி.என்.ஏ.வாக மாற்றிப் பெருக்குவதே பி.சி.ஆர். 30 சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகும். இதனால்தான் மாதிரி தயாரிக்கும் அறை வேறு, பெருக்கும் அறை வேறு. ஆளும் பொருளும் ஒரே திசையில்தான் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. ஒற்றைப் பாதையில் டோக்கன் இல்லாமல் வண்டி விடாத எங்கள் ஆட்களுக்கு இது உடனே புரியும்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. வைரஸோடு கூடவே, மனித உயிரணுவில் உள்ள ஒரு மரபணுவையும் சோதிப்பார்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால் குச்சி சரியாகப் படவில்லை, அல்லது மாதிரி கெட்டுவிட்டது என்று பொருள். அப்போது "நோய் இல்லை" என்று எழுதக் கூடாது. மறுபடி மாதிரி கேட்க வேண்டும்.

கோவிட் போனாலும் எலிக்காய்ச்சல் நம்மை விடவில்லை. 1988 முதல் வட அந்தமானில் டிக்லிபூர் பக்கம் பலரை வாட்டிய மர்மக் காய்ச்சல் இதுதான் என்று டாலிகஞ்ச் மையத்தார் பின்னர் கண்டறிந்தார்கள். இந்தக் கிருமி முதல் வாரம் இரத்தத்தில் இருக்கும், பிறகு சிறுநீரில் வரும். ஆகவே வயலிலோ சேற்றிலோ வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்தால் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை டாக்டரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். மாத்திரை ஏதாவது முன்பே சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழாயில் ஒட்டும் சீட்டில் பெயரும் வயதும் நாளும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று நாமே ஒருமுறை படித்துப் பார்க்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.