முதலில் கடிதங்கள், பிறகு பழுது

பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் பகுதிகளில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. இங்கே கம்ப்யூட்டர் கெட்டால் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகள்தான் கதி. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் திறக்கவில்லை, அஞ்சல் நிரலான அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பாதியில் நின்றுவிடுகிறது என்று சொன்னால், ‘ஃபார்மேட் பண்ணிடலாம்’ என்ற யோசனை சட்டென்று வந்துவிடும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் டிஸ்க்கில் இருப்பதும் அழிந்துவிடும்; தலையாட்டும் முன் உள்ளே என்ன அஞ்சல் இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. டயல்-அப் காலத்தில் இணைப்பு நேரத்துக்கும் காசு, தொலைபேசி அழைப்புக்கும் காசு. அதனால் இணைத்து, வந்த அஞ்சல்களை இறக்கிக்கொண்டு, துண்டித்துவிட்டு நிதானமாகப் படித்தார்கள். ‘பாப்’ முறையில் அஞ்சலை இறக்கியதும் சர்வரில் இருந்த பிரதி வழக்கமாக அழிந்துவிடும். வெளிநாடு போன மகன் எழுதிய முதல் கடிதத்துக்கு உலகத்தில் இருக்கும் ஒரே பிரதி அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம்.

பிரவுசரும் அஞ்சல் நிரலும் ஏன் சேர்ந்தே கெடுகின்றன?

1997-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 உடன்தான் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் வந்தது. விண்டோஸ் 98-ல் பிரவுசர் இயங்குதளத்தோடு பிணைக்கப்பட்டது. அமெரிக்க அரசு 1998-ல் தொடுத்த வழக்கில், பிரவுசர் விண்டோஸின் பிரிக்க முடியாத பகுதி என்று மைக்ரோசாஃப்ட் வாதிட்டது. பழுது பார்ப்பவருக்கு இந்தப் பிணைப்பு முக்கியம். அஞ்சலைத் திரையில் வரைந்து காட்டுவதும் பிரவுசரின் கோப்புகள்தான். அவை கெட்டால் கடிதம் வெற்றுப் பக்கமாகத் திறக்கும். கடிதம் தொலையவில்லை, காட்டும் கருவிதான் பழுது.

வரிசை தவறக் கூடாது

ஆகவே முதல் வேலை, அஞ்சல் கோப்புகளைப் பிரதி எடுப்பது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மெயின்டனன்ஸ் வழியே போய் ‘ஸ்டோர் ஃபோல்டர்’ என்பதை அழுத்தினால் அவை இருக்கும் இடம் தெரியும். இன்பாக்ஸுக்கு ஒன்று, அனுப்பியவற்றுக்கு ஒன்று என ஒவ்வொன்றும் தனி ‘டி.பி.எக்ஸ்’ கோப்பு. அந்த ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவுக்கு மாற்றுங்கள். விண்டோஸே எழவில்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து எடுக்கலாம்.

அடுத்தது பிரவுசர். வேண்டாத டூல்பார்களையும் ஆட்-ஆன்களையும் நீக்கினாலே பல கம்ப்யூட்டர்களில் கோளாறு தீர்ந்துவிடும். 7, 8 பதிப்புகளில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸின் ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் ‘ரீசெட்’ பொத்தான் உண்டு. சிஸ்டம் கோப்புகளே கெட்டிருந்தால் ‘எஸ்.எஃப்.சி ஸ்கேன்நவ்’ கட்டளை அவற்றைச் சரிபார்த்து நல்ல பிரதியை வைக்கும். அதற்கு எக்ஸ்பி சிடி தேவைப்படலாம்.

பிறகு அஞ்சல். ஒரு டி.பி.எக்ஸ் கோப்பு 2 ஜிபியைத் தொட்டால் தகராறு செய்யும். கோப்பைச் சுருக்கும் ‘காம்பாக்ட்’ வேலை நடக்கும்போது மின்சாரம் போனாலும் சிதையும். ஃபோல்டர்களின் பட்டியலை வைத்திருக்கும் ‘ஃபோல்டர்ஸ்’ கோப்பு கெட்டிருந்தால் அதன் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால், நிரல் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். இன்பாக்ஸ் கோப்பே சிதைந்திருந்தால் ‘அன்டிபிஎக்ஸ்’ என்ற இலவசக் கருவி உள்ளிருக்கும் அஞ்சல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும். அவற்றைத் தண்டர்பேர்டில் படிக்கலாம்.

மீட்ட தமிழ்க் கடிதம் புரியாத குறிகளாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். யூனிகோட் பரவும் முன் டிஸ்கி, டேப் குறியீடுகளில்தான் பலர் எழுதினார்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியில் இட்டால் அம்மாவுக்கு எழுதிய வரிகள் அப்படியே திரும்பும்.

இனி வேண்டிய முன்யோசனை

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15-ல் ஓய்வு பெற்றது. சரிசெய்த பழைய கம்ப்யூட்டரை மீண்டும் இணையத்தில் இணைப்பது ஆபத்து. கடிதங்களை மீட்க மட்டும் அது ஓடினால் போதும். விண்டோஸ் 10, 11-உடன் வந்த ‘மெயில்’ செயலிக்கும் 2024 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றுவிட்டது. கூடவே வரும் நிரல் கூடவே இருக்கும் என்று நம்ப முடியாது. சர்வரிலும் பிரதி தங்கும் ‘ஐமேப்’ முறைக்கு மாறுங்கள். வெளியே இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி வையுங்கள்.

நிரலை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி நிறுவலாம். கடிதத்தை மறுபடி எழுத அந்த மகனாலும் முடியாது. அதனால் கடையில் கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போதே, ‘அஞ்சலைப் பிரதி எடுத்து என் கையில் கொடுத்த பிறகுதான் மற்ற வேலை’ என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.