தரங்கம்பாடியின் ஆலயங்கள்

மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி என்றவுடன் சீகன்பால்க் ஐயரையே நாம் நினைவுகூருகிறோம். ஆனால் அவ்வூரின் வழிபாட்டிடங்களுள் காலத்தால் மூத்தது கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலாகும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டில் எழுந்த அக்கோயிலின் கல்வெட்டு, ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. அலைகள் பாடும் இடம் என்னும் பொருள் விளக்கம் இனிமையானதே; எனினும் கல்வெட்டின் சான்றையும் நாம் புறக்கணிக்கலாகாது. கோயிலின் முற்பகுதிகளைக் கடல் விழுங்கிவிட்டது.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்ட தேனியர் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். அவர்களுடைய வழிபாட்டிற்கென 1701-இல் சீயோன் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1706 ஜூலையில் சீகன்பால்க், புளூட்சோ ஆகிய இருவரும் வந்திறங்கினர். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கென அவர்கள் 1707-இல் எழுப்பிய முதல் எருசலேம் ஆலயம் இன்று இல்லை. அதற்குப் பின் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டையாயிற்று. நான்கு மாதங்களுக்குப் பின், 1719 பெப்ருவரியில், சீகன்பால்க் மரித்து அவ்வாலயத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார்.

ஆலயத்தின் முகப்பில் நான்காம் பிரெடெரிக் மன்னரின் முடியும் பெயரெழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்ச் சபையின் வாசலில் அந்நிய அரசனின் முத்திரை! நற்செய்தியும் குடியேற்ற ஆட்சியும் எவ்வளவு நெருங்கி நின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை. சிலுவை வடிவில் அமைந்த இவ்வாலயத்தினுள்ளும் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. இவற்றை மறைத்துவிட்டுச் சுவர்களின் அழகை மட்டும் வருகிறவர்களுக்குக் காட்டுவது நேர்மையாகாது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். அயலாரின் சமயத்தைக் கற்றறிய முற்பட்ட சீகன்பால்க், தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு நூல் எழுதினார். ஹாலேயிலிருந்த அவருடைய ஆதரவாளர்கள் அதை அச்சிட விரும்பவில்லை. 1867-இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. கோயிலையும் ஆலயத்தையும் ஒரே மரபின் சின்னங்களாகப் பேணவேண்டும் என்று இன்று நாம் கூறும்போது, அந்த நூலின் ஒன்றரை நூற்றாண்டுக் காத்திருப்பு நினைவுக்கு வருகிறது.

இப்பொழுது கட்டிடங்களுக்குள்ள அபாயம் கடல் மட்டுமன்று. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை இவ்வூரில் பலரின் உயிரைக் கவர்ந்தது; அதன்பின் பழைய வீடுகள் சில செப்பனிடப்பட்டன. ஆயினும் உப்புக்காற்று வீசும் இவ்விடத்தில், சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த சுவர்மேல் சிமெண்டைப் பூசினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்பு தேங்கிச் செங்கலையே அரித்துவிடும். நற்கருத்துடன் செய்யப்படும் அவசரப் பூச்சு அலையினும் கேடாகக்கூடும். சபையாரோ ஞாயிறுதோறும் கூடவேண்டியவர்கள். ஒழுகும் கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்க இயலாதவர்கள். ஆகவே சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தரை முதலில் தேடுவதும், அதற்கான காணிக்கையைத் தனியே ஒதுக்குவதும் சபைச் சங்கங்களின் கடமையாகிறது.