குரங்கு செத்துக் கிடந்தால் ஜாக்கிரதை! உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல்
டூர் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்

லீவு விட்டதும் பூந்தமல்லியில் பஸ் ஏறி பெங்களூர், சிமோகா, ஜோக் அருவி என்று அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் குடும்பத்தோடு கிளம்பி விடுகிறார்கள். முதுமலைக்குப் போகிறவர்களும் உண்டு.

அந்தக் காடுகளில் கடுகளவு உண்ணி ஒன்று இருக்கிறது. கடித்தால் வலிகூடத் தெரியாது. ஆனால் ஆபத்து மூளை வரைக்கும் போகும்! டிசம்பர் முதல் மே வரை அதன் சீசன். நம் ஜனங்கள் டூர் போவதும் அப்போதுதான்.

பொத்து பொத்தென்று விழுந்த குரங்குகள்

1957-ம் ஆண்டு சிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் போனவர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். சிலர் பிணமானார்கள்.

ஆப்பிரிக்க மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று பீதி கிளம்பியது. பூனா வைரஸ் ஆராய்ச்சி மையத்தார் ஓடிவந்து ஆராய்ந்தார்கள். அகப்பட்டது புது வைரஸ்! ரஷியாவில் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரசுக்கு இது பங்காளி. காட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஜனங்கள் சொல்வது "குரங்கு காய்ச்சல்".

பாவம், குரங்கு மீது பழி! அதுவும் உண்ணிக்கடியில்தான் சாகிறது. செத்ததும் உடம்பில் இருந்த உண்ணிகள் தரையில் இறங்கி, அடுத்து வருகிறவன் காலில் ஏறுகின்றன. மனிதனிடம் இருந்து மனிதனுக்கு இது தொற்றாது.

திரும்பி வரும் காய்ச்சல்

கடித்த 3 முதல் 8 நாளில் திடீர்க் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்புவலி, வாந்தி. சிலருக்கு மூக்கு, ஈறில் ரத்தம் கசியும். ஒன்றிரண்டு வாரத்தில் "சரியாப் போச்சு" என்று எழுந்து உட்காருவார்கள். அவர்களில் சிலருக்கு மறுபடி காய்ச்சல் அடிக்கும். இந்தத் தடவை கைகால் நடுக்கம், மனக்குழப்பம், பார்வைக் கோளாறு! நூற்றுக்கு 3 முதல் 5 பேர் சாகிறார்கள். இதைக் கொல்ல தனி மருந்து கிடையாது.

2012-ல் பந்திப்பூரிலும் பக்கத்து முதுமலையிலும் செத்த குரங்குகளில் இந்த வைரஸ் இருந்தது. 2019-ல் ஜோக் அருவி இருக்கும் சாகர் தாலுகாவிலேயே பலர் பலியானார்கள். கர்நாடகத்தில் போட்டுவந்த தடுப்பூசியும் சரியாகப் பலிக்கவில்லை என்று 2022-ல் நிறுத்தப்பட்டது.

வீட்டு நாய் உண்ணியா?

ஆவடி தெருநாயின் உண்ணி வேறு ஜாதி. அதைப் பார்த்து அலற வேண்டாம். சென்னைப் பக்கம் புதரில் இருப்பது "ஸ்க்ரப் டைபஸ்" பரப்பும் பொடிப்பூச்சி. அது கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல கருப்புப் பொருக்கு தெரியலாம். அந்த நோய்க்கு மாத்திரை உண்டு. சீக்கிரம் போனால் பிழைக்கலாம்.

ஆகவே காய்ச்சல் என்று போனால், எந்த ஊர்க் காட்டுக்குப் போய் வந்தோம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் விரலால் நசுக்கக்கூடாது, மண்ணெண்ணெய் ஊற்றக்கூடாது. சிமிட்டாவால் தோல் ஓரமாகப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.