தட்டின் கீழே ஒரு தராசு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரில் 16 கோடிப் பேர் உடற்பருமன் நோய்க்கு ஆளாகியிருந்தனர். இத்தனை பேரையும் நேரில் கவனிக்க வைத்தியர்களுக்கு அவகாசம் ஏது, கணினியும் கைபேசியுமே அப்பணியை ஏற்றுக்கொள்ளட்டும் என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை, இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்த பரிசோதனையும் அதன் பின்கதையும் தெளிவாக்குகின்றன.

ஸ்வீடன் தேசத்துக் கரோலின்ஸ்கா ஆராய்ச்சி நிலையத்தில் உருவான மாண்டோமீட்டர் என்னும் கருவி, சாப்பாட்டுத் தட்டின் கீழே வைக்கும் சிறு தராசும் அதனோடு இணைந்த கணினியும் கொண்டது. உண்ண உண்ண உணவு குறையும் விதத்தைத் திரையில் கோடாக வரைந்து, நிதானமாக உண்பவரின் கோடு எவ்விதம் செல்லவேண்டும் என்பதையும் அருகிலேயே காட்டி, வயிறு எவ்வளவு நிறைந்தது என்று இடையிடையே அது விசாரிக்கும். அவசரமாக விழுங்கும் பிள்ளைக்குத் திருப்தி உணர்ச்சி தோன்றுமுன்பே தட்டு காலியாகிவிடுகிறது என்பதுதான் இதன் அடிப்படைத் தத்துவம்.

பிரிஸ்டலில் உடற்பருமன் கொண்ட 9 முதல் 17 வயது வரையுள்ள 106 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றதற்கு இக்கருவியோடு பயிற்சிபெற்ற நர்ஸின் தொடர்ந்த மேற்பார்வையும் அளித்து, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கருவியைக் கையாண்டவர்களின் பருமனே அதிகமாகக் குறைந்திருந்தது. அவர்களது ஒருவேளை உணவின் அளவும் சராசரி 45 கிராம் குறைந்திருந்தது. 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இம்முடிவை வெளியிட்டது.

ஆனால், அதே வகைக் கருவியைப் பின்னர் சாதாரணக் குடும்ப வைத்தியர்களின் கிளினிக்குகளில் பரீட்சித்தபோது, அதை ஒழுங்காக உபயோகித்த குடும்பங்கள் சொற்பமே; பெரிய அளவில் ஆராயும் உத்தேசம் கைவிடப்பட்டது. தராசின் தத்துவம் மாறவில்லை. அதைச் சூழ்ந்திருந்த விசேஷ நிபுணர் குழுதான் இங்கே இல்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2023-இல் வகுத்த நெறிமுறை, 3 முதல் 12 மாதங்களுக்குள் குடும்பத்தோடு குறைந்தது 26 மணி நேர நேரடிச் சந்திப்பு வேண்டும் என்று சொல்வதும் இவ்வநுபவத்தோடு பொருந்துகிறது. ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையே வீட்டில் நிகழ்வதை யந்திரம் அறிந்து சொல்லலாம். அதைக் கேட்டு, பிள்ளையைக் கூசச்செய்யாமல், தாய் தந்தையரோடு கலந்து, மறுவாரத்துக்கு வழி வகுப்பது மனிதர் கடமை. எனவே, கருவி வாங்கப் பணம் ஒதுக்கும் அரசாங்கம், அதனருகில் நிற்கவேண்டிய நர்ஸின் சம்பளத்தையும் அதே கணக்கில் எழுதிக்கொள்வதே விவேகம்.